பலகை அறுக்க எந்தச் செயின் வாங்கலாம்?

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பலாப் பலகை கிடக்கிறது. ஏழடி நீளம், ஒன்றரை அடி அகலம். கனம் ஒன்றரை அங்குலம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் ஒரு முனை ஒன்றேகால், மறுமுனை இரண்டுக்குப் பக்கம். கையை வைத்துத் தடவினால் சிமெண்டுக் கூரைத் தகடு மாதிரி மேடும் பள்ளமுமாக ஓடும். நான் செயின் சா என்ற சங்கிலி ரம்பத்தில் அறுத்த முதல் பலகை அது. பார்க்க வந்த ஆசாரி இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "தம்பி, இதுல துணி துவைக்கலாம்" என்றார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாங்கள் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம் வட்டாரம். விடிந்ததும் தோப்புக்குப் போனால் தென்னை எல்லாம் படுத்துக் கிடக்கிறது. தாத்தா வைத்த பலா இரண்டும் வேரோடு சாய்ந்திருந்தன. ஆள் கிடைக்காத, வண்டி கிடைக்காத நேரம். பலாவின் அடிமரத்தை மரவாடிக்குக் கொண்டுபோக கிரேன் வேண்டும். வந்தவர்கள் விறகு விலைக்குக் கேட்டார்கள். தஞ்சாவூர் வீணைக்குக் கடையும் மரத்தை எடுத்து அடுப்புக்குக் கொடுப்பதா என்று எனக்கு மனசு வரவில்லை. கிடந்த இடத்திலேயே அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெல்டிங் பட்டறையில் சொல்லி, சதுரக் குழாயில் ஒரு சட்டம் செய்துகொண்டேன். பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை, இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு, மரத்தின் மேல் ஒரே உயரத்தில் சறுக்கிப் போகும் சட்டம். அலாஸ்கன் மில் என்பார்கள். அதைச் செய்வது தனிக் கதை. இங்கே செயினை மட்டும் பார்ப்போம், ஏனென்றால் நான் தப்பு செய்தது அங்கேதான்.

மெஷினோடு வந்த செயினையே போட்டு அறுத்தேன். அது மரத்தைக் குறுக்கே துண்டு போடுவதற்கான செயின்.

குறுக்கே துண்டு போடும்போது பல்லின் பக்கவாட்டு ஓரம் நாரை நறுக்கும், மேல்தட்டு அதைப் பெயர்த்து வெளியே தள்ளும். இரண்டு பேர் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிற மாதிரி. பலகை அறுக்கும்போது நிலைமை வேறு. பார் மரத்துக்குக் குறுக்கே கிடக்கிறது, நீங்கள் நெடுக்கு வாக்கில் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். பல் எதிர்கொள்வது எப்போதுமே நாரின் வெட்டுமுனையைத்தான். துண்டு போட்ட மரத்தின் வட்டமான முகத்தை உளியால் சீவிப் பாருங்கள், பக்கவாட்டில் சீவுவதைவிட எவ்வளவு கடினம் என்று தெரியும். அந்த வேலையைத்தான் பல்லின் மேல்தட்டு ஒவ்வொரு சுற்றிலும் செய்கிறது. அதனால்தான் பலகை அறுக்கும்போது சுருள் வராது, மாவு மாதிரித் தூள் கொட்டும். பாரை மரத்தின் நீளவாக்கிலேயே வைத்துக் கிழித்தால் இடியாப்பம் மாதிரி நீள நீளமாக நார் வந்து, செயினைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். அது வேறு சங்கதி.

இப்போது கோணம். சாதாரணச் செயினில் பல்லின் மேல்தட்டு ஓரம் சுமார் 30 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். இடப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வலப்பல் மறுபக்கம். சாய்வு கூடக் கூட, பல் மரத்தைக் கடிக்கும்போதே பக்கவாட்டிலும் விலகப் பார்க்கும். குறுக்கே துண்டு போடும்போது இது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றரை அடி அகலப் பலகையில் இடப்பல் கொஞ்சம் மேலே, வலப்பல் கொஞ்சம் கீழே என்று போனால் என் திண்ணைப் பலகைதான் கிடைக்கும். பலகைக்கென்று வரும் செயினில் இந்தக் கோணம் 10 டிகிரி. ஓரம் கிட்டத்தட்ட நேராக நிற்கும், பல் நேராகப் போகும், முகம் வழவழப்பாக வரும். ரிப்பிங் செயின் என்று கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள். ஸ்டில், ஓரிகன் என்ற இரண்டு கம்பெனியிலும் வருகிறது. கிரான்பெர்க் என்ற அமெரிக்கக் கம்பெனியின் செயினில் சில பல்லை ஒடுக்கமாகச் சீவி, அது முதலில் கோடு கிழிக்கவும் அடுத்த பல் நடுவை எடுக்கவுமாகப் பிரித்திருப்பார்கள். நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

இந்தச் செயின் பல்லின் பிறப்பே ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946 வாக்கில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, அடிக்கட்டை ஒன்றில் வண்டுப் புழு மரத்தைத் தின்பதைக் கவனித்தார். நாரோடும் போகிறது, நாருக்குக் குறுக்கேயும் போகிறது. தாடை இரண்டும் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிக்கின்றன. அந்தத் தாடையைப் பார்த்துச் செய்ததுதான் இன்றைக்கு எல்லாச் செயினிலும் இருக்கும் வளைந்த பல். மறு வருடம் கம்பெனி தொடங்கினார். நம் தென்னையைத் துளைக்கும் வண்டை நானும் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். கம்பி விட்டுக் குத்தி எடுத்ததைத் தவிர வேறு யோசனை எனக்கு வந்ததில்லை.

சரி, கடைக்குப் போவோம். முதலில் மூன்று எண் தெரிந்திருக்க வேண்டும். இதில் விருப்பத்துக்கு இடமே இல்லை, உங்கள் மெஷின் என்ன கேட்கிறதோ அதுதான்.

ஒன்று பிட்ச். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது. பெரிய மெஷினில் 3/8 அங்குலம் (தச்சர் கணக்கில் மூன்று நூல்), நடுத்தரத்தில் .325, மிகப் பெரியதில் .404. இது ஸ்ப்ராக்கெட்டோடும் பாரின் மூக்குச் சக்கரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது கேஜ், அதாவது பாரின் காடிக்குள் ஓடும் கால் எவ்வளவு தடிமன் என்பது. 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். காடி 1.6 இருந்து செயின் 1.3 போட்டால் ஆடும். ஆடினால் பலகை ஆடும். மாற்றிப் போட்டால் உள்ளேயே போகாது. மூன்றாவது, அந்தக் கால்கள் மொத்தம் எத்தனை என்பது. என்னுடையது 72 சிசி மெஷின், 25 அங்குலப் பார், 3/8 பிட்ச், 1.6 கேஜ், 84 கால். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன். பாரின் அடிப்பக்கம் ஸ்ப்ராக்கெட் ஓரத்தில் பொறித்தும் இருக்கும். பழைய பாராக இருந்தால் கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், தெரியவில்லை என்றால் பழைய செயினையே கையோடு கொண்டுபோங்கள். "25 இஞ்ச் செயின் குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் பாதி நேரம் திரும்ப நடக்க வேண்டியிருக்கும். ஒரே நீளப் பாருக்குக் கம்பெனிக்குக் கம்பெனி கால் எண்ணிக்கை மாறும்.

ஒரு எச்சரிக்கை. 3/8 என்று இரண்டு உண்டு. ஒன்று முழு அளவு, இன்னொன்று சின்ன மெஷினுக்கு வரும் லோ ப்ரொஃபைல். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. ஸ்ப்ராக்கெட்டும் பாரும் மாற்றாமல் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடாதீர்கள்.

ஆனால் அந்தச் சின்ன செயினை லேசில் ஒதுக்கிவிடவும் வேண்டாம். முழு அளவுச் செயின் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது. லோ ப்ரொஃபைல் 7 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டரில் என்ன போகிறது என்று நினைத்தேன். பதினெட்டு அங்குல உயரக் கட்டையை ஓரங்குலப் பலகையாகப் போடுகிறோம் என்று வையுங்கள். 9 மில்லிமீட்டர் தின்றால் 13 பலகை தேறும். 7 என்றால் 14. மரவாடியின் பேண்ட் சா என்ற மெல்லிய பட்டை ரம்பத்தில் இதே கட்டைக்கு 16 தேறும், அதை நினைத்து அழக்கூடாது. ஒரு பலகை லாபம் என்பதோடு, தின்கிற மரம் குறைந்தால் என்ஜின் இழுக்க வேண்டிய சுமையும் குறைகிறது. 50, 60 சிசி மெஷின் வைத்திருப்பவர், ஒன்றேகால் ஒன்றரை அடிக்குள் மரம் அறுப்பவர் என்றால் பாரும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றி லோ ப்ரொஃபைலுக்குப் போவதுதான் புத்தி. எழுபது சிசிக்கு மேல் போனால் எனக்குப் பயம். செயின் மெலிசு, சீக்கிரம் நீளும், வைரம் பாய்ந்த இடத்தில் சிக்கினால் அறும். அறுந்த செயின் எந்தப் பக்கம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் பல்லின் மூலை. முழு உளிப்பல் என்பது மூலை கூராக, சதுரமாக இருப்பது. பச்சையாக, சுத்தமாக இருக்கும் மென்மரத்தில் பறக்கும். அரை உளிப்பல்லில் மூலை கொஞ்சம் மழுங்கி வளைந்திருக்கும். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் கூர் நிற்கும். நம்மூரில் பலகைக்கு அரை உளிப்பல்தான் என்பது என் முடிவு, அதில் மாற்றம் இல்லை. தரையில் விழுந்து புரண்ட மரம், பட்டை இடுக்கெல்லாம் மண், உள்ளே வைரம். கூர் மூலை மண்ணில் ஒரு தடவை பட்டாலே போய்விடும், மூலை போன முழு உளிப்பல்லை மீட்க நிறைய அரம் தேய்க்க வேண்டும்.

பல் எவ்வளவு நெருக்கம் என்பதையும் கேளுங்கள். என் 84 கால் செயினில் சாதாரண அடுக்கு என்றால் 42 பல். ஸ்கிப் என்ற அடுக்கில் இடைவெளி விட்டு 28 பல்தான் இருக்கும். பல் குறைந்தால் இழுவை குறையும், தூள் வெளியேற இடம் கிடைக்கும். முப்பது அங்குலத்துக்கு மேல் பார் போட்டு அகல மரம் அறுப்பவர்களுக்கு இது உதவும். ஒன்றரை அடிக்கு எனக்குச் சாதாரண அடுக்கே போதும், முகமும் நன்றாக வருகிறது. தீட்டும்போது மட்டும், 28 பல் இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

மெஷின் எகிறாமல் தடுக்கப் பல்லுக்குப் பக்கத்தில் கூடுதல் மேடு வைத்த பாதுகாப்புச் செயினும் வரும். தோட்ட வேலைக்கு நல்லது. பலகை அறுக்கும்போது தூள் போக வேண்டிய இடத்தை அந்த மேடு அடைத்துக்கொள்வதால் சூடாகும், தள்ள முடியாது.

கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்ததும் இருக்கிறது. விலை பல மடங்கு, அரத்துக்கு மசியாது, வைரக்கல் தூள் பதித்த சாணைச் சக்கரம் வேண்டும், ஆணியில் மோதினால் பல் தெறிக்கும். ஆணி இல்லாத மரம் நம் வீட்டுக் கொல்லையில் எங்கே இருக்கிறது? எங்கள் பலாவில் ஒன்று காய்க்காமல் நின்றபோது, ஆணி அடித்தால் காய்க்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாட்டி அடித்த ஆணி நாற்பது வருடம் கழித்து என் செயினில் பதினோரு பல்லைக் கெடுத்தது. வெட்டுமுகத்தில் கறுப்பாகத் திட்டு ஓடியிருந்தது. அப்போது அதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. இரும்பு உள்ளே இருந்தால் சுற்றிலும் மரம் கறுக்கும். இப்போது அந்தத் திட்டைக் கண்டால் மெஷினை அணைத்துவிட்டு உளியை எடுக்கிறேன்.

மரத்துக்கு மரம் செயின் படும் பாடு வேறு. தென்னையை மென்மரம் என்று நினைத்து இறங்கினால் ஏமாறுவீர்கள். நடுவில் பஞ்சு; வெளிவட்டம் கறுத்த நாராக, பல்லின் கூர்மையை அரித்துத் தள்ளும். அடிமரத்தில் இன்னும் மோசம். முக்கால் மரம் அறுத்தால் அரம் எடுக்க வேண்டியிருக்கும். நல்ல பலகை அந்த வெளிவட்டத்தில்தான் இருக்கிறது, நடுவை விட்டுவிடலாம். பலா அறுக்க இதமான மரம், மஞ்சள் மாவு கொட்டும், மணமும் நன்றாக இருக்கும், ஆனால் பச்சையாக இருந்தால் பால் செயினில் ஒட்டிக் காய்ந்து இணைப்பெல்லாம் விறைத்துப்போகும். வேலை முடிந்ததும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். வாகையின் தூள் மூக்கைப் பதம் பார்க்கும், தும்மித் தும்மியே பொழுது போய்விடும்; முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். புளியின் வைரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, 72 சிசியை வைத்துக்கொண்டு அதனோடு மோதியது என் தப்பு.

என்ன மரமானாலும் பார் போகப்போகும் பாதையில் பட்டையை அரிவாளால் சீவிவிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அரை மணி நேரத் தீட்டல் மிச்சம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு உண்மையைச் சொல்கிறேன். நான் இன்றைக்குப் பயன்படுத்துவது கடையில் வாங்கிய ரிப்பிங் செயின் இல்லை. நம்மூர்க் கடைகளில் அது எப்போதும் கிடைப்பதில்லை, சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். சாதாரண அரை உளிப்பல் செயின் மூன்று வாங்கி, கோணத்தை நானே மாற்றிக்கொண்டேன். ஒரே மூச்சில் 30-லிருந்து 10-க்குப் போனால் பல்லில் பாதி வீணாகப் போகும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் ஐந்தைந்து டிகிரியாகக் குறைத்தால் நாலு தீட்டலில் வந்து சேரும். செயின் வேலையும் செய்துகொண்டே மாறிவிடும். நான் 15-க்கும் 10-க்கும் நடுவில் எங்கோ நிறுத்திவிட்டேன். இப்போது வரும் பலகையை ஆசாரி இரண்டு முறை இழைத்தால் கண்ணாடி.

தீட்டுவதைக் கிட்டே வந்து பாருங்கள். பாரை வைஸில் கடித்து, செயினைக் கையால் நகர்த்தி, வெயில் பல்லின் மேல் விழும்படி வைப்பேன். கூராக இருக்கும் ஓரம் கண்ணுக்கே தெரியாது. மழுங்கியிருந்தால் ஓரத்தில் வெள்ளி இழை மாதிரி ஒரு கோடு மின்னும். அந்தக் கோடு மறையும்வரை அரம் போக வேண்டும். 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் உருட்டரம், எது என்பது செயின் உறையில் இருக்கும்; .325-க்கு 4.8, லோ ப்ரொஃபைலுக்கு 4. அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேலே தெரிகிற மாதிரிப் பிடியுங்கள். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது தூக்கிக்கொள்ளுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் 42 பல்லுக்கும் மூன்றுதான். எனக்கு வலக்கை வாக்கு, அதனால் ஒரு பக்கம் எப்போதும் அதிகமாகத் தேயும். பலகை ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போனதற்கு மாதக் கணக்கில் சட்டத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் இடப்பல் வலப்பல்லைவிடக் குட்டையாகிவிட்டது.

பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேட்டை ரேக்கர் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல்லின் உச்சியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும், ஏறக்குறைய இரண்டு விசிட்டிங் கார்டு கனம். பல் தேயத் தேய அதன் உச்சி தாழும், ரேக்கர் அப்படியே நிற்கும், கடைசியில் பல் மரத்தைத் தொடாமல் தடவும். நாலு தீட்டலுக்கு ஒருமுறை தகடு வைத்துப் பார்த்துத் தட்டை அரத்தால் குறையுங்கள். வேகமாக அறுக்கும் என்று ஆசைப்பட்டு நிறையக் குறைத்தால் செயின் மரத்தைக் கவ்வி நிற்கும், என்ஜின் முனகும்.

விலை குறைவு என்று ஒருமுறை நகரத்துக் கடையொன்றில் ரோலிலிருந்து வெட்டி ரிவெட் அடித்துக் கொடுத்த பெயரில்லாச் செயின் வாங்கினேன். முதல் மரத்திலேயே இரண்டு தடவை தொங்கியது, இறுக்கினேன். மூன்றாவது தடவை இறுக்க நட்டில் இடமே இல்லை. ரோலில் வெட்டி வாங்குவதில் தப்பில்லை, நல்ல கம்பெனி ரோல்தானா என்று கால்களில் பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் பாருங்கள். புதிதாக அடித்த ரிவெட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். மற்ற இணைப்புகளைப் போலவே அதுவும் தளர்வாக மடங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. பலகை அறுக்கும்போது என்ஜின் நிமிடக் கணக்கில் முழு வேகத்தில் ஓடுகிறது, செயின் மரத்துக்குள்ளேயே கிடக்கிறது. பைக்கில் வடித்த பழைய ஆயிலை ஊற்றினால் அதிலிருக்கும் இரும்புத் துகள் பாரையும் செயினையும் சேர்த்துத் தின்னும். புது ஆயில் ஊற்றுங்கள், பம்பு சரிசெய்யும் திருகு இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். பார் நீளமாக இருந்தால் மூக்குப் பக்கம் சொட்டுச் சொட்டாக விழ இன்னொரு டப்பா கட்டிக்கொள்ளலாம்.

முதல் தடவை வாங்குகிறவர் ஒரு செயினோடு நிற்காதீர்கள். மூன்று வாங்குங்கள், அதோடு அரம் அரை டஜன். தோப்பில் உட்கார்ந்து தீட்டுவதைவிடச் செயினை மாற்றிப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வீட்டில் டீ குடித்தபடி மூன்றையும் சேர்த்துத் தீட்டலாம். பலகைச் செயினில் ஒரு பல்லுக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட் வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் தம்பி அவசரத்தில் அதை எடுத்துப் போட்டு விறகு வெட்டிவிட்டு, "அண்ணே, இந்தச் செயின் இழுக்கவே மாட்டேங்குது" என்று வந்து நிற்பான்.